பருக்கறை வேறு, பருத்தழும்பு வேறு

தோலின் கட்டமைப்பைக் கற்பிக்கும் வாரத்தில் மட்டும் எந்த மாணவிக்கும் தூக்கம் வருவதில்லை. மேற்றோல், உட்தோல், நெய்ச்சுரப்பி என்று கரும்பலகையில் வரைந்து முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிடும்: “டீச்சர், பரு வந்த தழும்பு போகுமா?”

இதற்கு ‘போகும்’ என்றும் சொல்லலாம், ‘முழுதாகப் போகாது’ என்றும் சொல்லலாம். காரணம், தழும்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குறிக்கிறோம். ஒன்று நிறம். மற்றது பள்ளம், அல்லது மேடு. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால்தான் எத்தனையோ பிள்ளைகள் தானாகப் போகக்கூடிய ஒன்றைப் போக்கக் காசைக் கொட்டுகிறார்கள். தானாகப் போகாத ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும் மாதங்களிலோ ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். நான் விஞ்ஞானம் கற்பிப்பவள், வைத்தியர் அல்ல. ஆனால் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வைத்தியராக இருக்கவேண்டியதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். பகல் நேரத்தில் மின்விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நின்று, கன்னத்தைச் சிறு கண்ணாடியில் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவேண்டும். அடையாளம் இருக்கும் இடத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். தோல் சமமாக இருந்து, நிறம் மட்டும் கறுத்தோ மண்ணிறமாகவோ சிவந்தோ தெரிந்தால் அது கறை. ஒரு சின்னக் குழிக்குள் நிழல் விழுந்தால், அல்லது விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்பட்டால், அது தழும்பு. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஆனால் “முகமெல்லாம் தழும்பு” என்று அழும் பிள்ளைகள் பலரின் முகத்தில் இப்படிப் பார்த்தால் பெரும்பாலானவை வெறும் கறைகள்.

கறை எப்படி வருகிறது? பரு என்பது தோலுக்குள் நடக்கும் ஓர் அழற்சி. அழற்சி நடந்த இடத்தில், நிறச்சத்தை உண்டாக்கும் கலங்கள் தேவைக்கு மேல் மெலனினைச் சுரந்துவிடுகின்றன. வெள்ளைக்காரருக்குப் பரு ஆறினால் சிவப்புப் புள்ளிதான் அதிகம் நிற்கும். நம்முடைய மாநிறத் தோலில் கலங்கள் உசாராக இருப்பதால் கறுப்பு நிற்கிறது. மேற்றோலில் தங்கிய நிறம் மண்ணிறமாகத் தெரியும். மேற்றோல் புதுப்பித்துக்கொள்ளும்போது அது சில மாதங்களில் மங்கிவிடும். உட்தோலுக்குள் இறங்கிய நிறம் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும், அது மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ செல்லலாம். எப்படியும் இது மங்கக்கூடியது. மங்கவிடாமல் தடுப்பவை இரண்டு: வெயில், மற்றது நமது கை.

தழும்பின் கதை வேறு. அதற்குப் பரு உருவாகும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்த்துளையோடும் ஒரு நெய்ச்சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூப்பெய்தும் வயதில் அன்ட்ரொஜன் வகை ஓமோன்கள் கூடும்போது (ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் இவை உண்டு) சுரப்பி பெருத்து அதிக நெய்யைச் சுரக்கிறது. அதே காலத்தில் துளையின் உட்சுவரிலிருந்து உதிரும் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைப்பு மூடியிருந்தால் வெண்முள், திறந்திருந்தால் கருமுள். கருமுள்ளின் கறுப்பு அழுக்கல்ல, காற்றுப்பட்டுக் கறுத்த மெலனினும் நெய்யுமே அது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாததன் காரணம் இதுதான்.

அடைபட்ட துளைக்குள் ஒரு பற்றீரியா பெருகுகிறது. பழைய புத்தகங்களில் இதன் பெயர் புரொப்பியோனிபக்ரீரியம் அக்னெஸ். 2016 இலிருந்து கியூட்டிபக்ரீரியம் அக்னெஸ் என்கிறார்கள். இது எல்லோர் தோலிலும் வாழ்வது, பரு இல்லாதவர் தோலிலும் உண்டு. எனவே பரு தொற்றுநோய் அல்ல. தோழியின் துவாயைத் தொட்டதால் யாருக்கும் பரு வந்ததில்லை.

இனித்தான் முக்கியமான கட்டம். அழற்சி கூடும்போது துளையின் சுவர் உடைகிறது. உள்ளே இருந்த நெய்யும் உதிர்ந்த கலங்களும் உட்தோலுக்குள் கொட்டுகின்றன. உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி வெண்குருதிக் கலங்களை அனுப்புகிறது. அவை குப்பையை மட்டும் அகற்றிவிட்டுப் போனால் நல்லது. ஆனால் அவற்றோடு வரும் நொதியங்கள் சுற்றியுள்ள கொலாஜன் நார்களையும் வெட்டிவிடுகின்றன. கொலாஜன்தான் தோலைத் தாங்கி நிற்கும் தூண். வெட்டியதைவிடக் குறைவாகத் திரும்பக் கட்டினால் மேலே உள்ள தோல் சரிந்து பள்ளமாகிறது. அதிகமாகக் கட்டினால் மேடாகிறது. முகத்தில் வருவது பெரும்பாலும் பள்ளம். தாடையோரம், நெஞ்சு, தோள், முதுகு ஆகிய இடங்களில் மேடு வரலாம். அந்த மேடு காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்தால் அதற்குப் பெயர் கீலொயிட். காது குத்திய இடத்தில் சிலருக்கு உருண்டையாக வளர்வதும் அதுவே. அப்படி வளர்ந்தவர் குடும்பத்தில் இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

பருவைப் பிதுக்கக்கூடாது என்று சொல்வது வெறும் பெரியவர் பேச்சல்ல. நகத்தால் அழுத்தும்போது வெளியே வருவது கொஞ்சம், உள்ளே தள்ளப்படுவது அதிகம். உடையாமல் ஆறியிருக்கவேண்டிய சுவரை நாமே உடைக்கிறோம்.

ஒரே வீட்டில் அக்காவுக்குப் பரு நிறைய வந்தும் தோல் சமமாக இருக்கிறது, தங்கைக்குக் கொஞ்சம் வந்தும் குழி விழுந்துவிட்டது. ஏன் என்று கேட்பார்கள். 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. தழும்பு விழாதவர்களின் பருவில் எதிர்ப்புக் கலங்கள் ஆரம்பத்திலேயே பலமாக வந்து, வேலையை முடித்து, சீக்கிரம் விலகிவிடுகின்றன. தழும்பு விழுபவர்களிலோ ஆரம்பம் மந்தமாக இருந்து, அழற்சி நீண்ட நாள் இழுபடுகிறது. ஆகவே பருவின் அளவை மட்டும் வைத்துத் தழும்பைக் கணிக்கமுடியாது. எத்தனை நாள் அழற்சி கிடக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது.

“வயசுக்கு வார தானே”

இந்த வாசகத்தைக் கேட்காத பிள்ளை நம் வீடுகளில் இல்லை. உம்மா சொல்வார், பெரியம்மா சொல்வார், மூத்தும்மாவும் சொல்வார். சொல்வதில் பாதி உண்மை. 12 முதல் 24 வயது வரையானோரில் ஏறத்தாழ 85 வீதமானோருக்கு ஏதோ ஓரளவில் பரு வருகிறது என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. பெரும்பாலானோருக்கு இருபதுகளில் குறைந்தும் விடுகிறது. பரு போய்விடும், சரி. ஆனால் அது போகும்போது விட்டுச்செல்லும் பள்ளம் போவதில்லை. இந்த மறுபாதியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பரு சிகிச்சைக்கு வந்த 185 பேரின் முகத்தையும் உடலையும் ஆராய்ந்து 1994 இல் ஓர் ஆய்வு வெளியானது. முகத்தில் ஏதோ ஓரளவு தழும்பு 95 வீதமானோரில் இருந்தது. பரு தொடங்கியதற்கும் முறையான சிகிச்சை கிடைத்ததற்கும் இடையில் எவ்வளவு காலம் வீணானதோ, மூன்று வருடம் வரை, அந்தளவுக்குத் தழும்பும் கூடியிருந்தது. அந்த மூன்று வருடம் நமது பிள்ளைக்கு எதுவென்று எண்ணிப்பாருங்கள்: பதின்மூன்று வயதிலிருந்து ஓ.எல். பரீட்சை வரை. “பரீட்சை முடியட்டும், பிறகு டொக்டரிடம் காட்டுவோம்” என்று நாம் தள்ளிப்போடும் அதே காலம்.

தழும்புக்கான மிக மலிவான சிகிச்சை, தழும்பு விழுமுன் பருவைக் கட்டுப்படுத்துவதே. அதற்கு மருந்துகள் உண்டு, அவை புதியவையும் அல்ல. இலேசான பருவுக்குப் பென்சொயில் பெரொக்சைட் என்ற மருந்து 2.5 அல்லது 5 வீதச் செறிவில் பூசப்படுகிறது. அது பற்றீரியாவைக் குறைக்கிறது. அடைப்பைத் திறப்பதற்கு விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த அடாபலீன் போன்றவை இரவில் பூசப்படுகின்றன. இவற்றைப் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல வைத்தால் பயன் இல்லை. ஒரு கடலை அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூசவேண்டும். இன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்பே அடுத்த மாதத்துப் பரு என்பதுதான் காரணம். முதல் சில வாரங்களில் தோல் வரண்டு உரியும், எரியும். சிலருக்குப் பரு கூடினாற்போலவும் இருக்கும். அங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் “இது எனக்கு ஒத்துவரவில்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கி, வாசனையற்ற ஈரப்பசைக் கிறீம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் தாங்கிக்கொள்ளலாம்.

பென்சொயில் பெரொக்சைட் துணியின் நிறத்தை வெளுக்கவைக்கும். வெள்ளைப் பாடசாலைச் சீருடைக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு அபாயாவின் கழுத்தோரமும் தலையணை உறையும்தான் பாழாகும். இரவில் பூசுபவர் வெள்ளை உறை போட்டுக்கொள்ளட்டும்.

வுழூச் செய்யும்போது ஒரு நாளில் பலமுறை முகத்தில் தண்ணீர் படுவது பருவுக்குக் கெடுதல் அல்ல. ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போடுவதுதான் கெடுதல். மென்மையான முகக்கழுவி நாளைக்கு இரண்டு தடவை போதும், மற்ற வேளைகளில் வெறும் தண்ணீர். மருந்தை இஷாவுக்குப் பிறகு, முகம் நன்றாகக் காய்ந்ததும் பூசினால் இரவு முழுவதும் தங்கும். ஹிஜாபினால் பரு வருவதில்லை. ஆனால் வியர்வையில் ஊறிய துணி நாடியிலும் நெற்றியிலும் நாள் முழுவதும் இறுக்கி உரசினால் அந்த இடங்களில் கூடும். பருத்தித் துணி, தினம் ஒரு கழுவிய துண்டு, அவ்வளவுதான் மருந்து. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் அதுவும் துளையை அடைக்கும்.

உணவைப்பற்றி அதிகம் சண்டை பிடிக்கவேண்டியதில்லை. பொரித்த எண்ணெய் வயிற்றிலிருந்து முகத்துக்கு ஏறி வருவதில்லை. குருதியில் சீனியைச் சட்டென்று ஏற்றும் உணவுகளுக்கும், ஓரளவு பாலுக்கும், பருவோடு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இனிப்பு பானத்தைக் குறைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

இன்னொன்று உம்மாமாருக்கு. பரு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, கூடவே மாதவிடாய் பல மாதம் தள்ளிப்போகிறது, நாடியிலும் மேலுதட்டிலும் முடி தடிப்பாக வளர்கிறது என்றால், அது முகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. சூலகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் ஓமோன் குழப்பமாக இருக்கலாம். இதை “வெளியே தெரிந்தால் கலியாணம் பேச முடியாது” என்று மூடிவைப்பவர்கள் உண்டு. பிள்ளையின் உடம்பைவிட ஊர்வாயைப் பெரிதாக எண்ணும் இந்தப் பழக்கத்தில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. நேரத்தோடு காட்டினால் இது கட்டுப்படுத்தக்கூடியது.

பெயரில்லாத டப்பா

பாமன்கடையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாகக் காலி வீதிக்கு நடந்தால் எத்தனை பாமசி, எத்தனை அழகு நிலையம் என்று எண்ணிப்பாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். நல்ல வைத்திய ஆலோசனை தரும் மருந்தாளர்களும் இருக்கிறார்கள். நான் சொல்லவருவது வேறொன்றை: சின்ன வட்ட டப்பாவில், உற்பத்தியாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல், “ஏழு நாளில் கறை போகும்” என்று கைமாறும் வெள்ளைக் கிறீம். இப்போது அது வட்ஸ்அப் வழியாக வீட்டு வாசலுக்கே வருகிறது. கலியாணத்துக்கு மூன்று மாதம் முன்பு மணப்பெண்ணுக்கும், அவளைப் பார்த்துத் தங்கைக்கும்.

இது வேலை செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. வேலை செய்கிறது, அதுதான் ஆபத்து. பெரும்பாலும் இரண்டில் ஒன்று அதற்குள் இருக்கும்: இரசம், அல்லது ஸ்டீரொயிட்.

இரசம், மெலனினை உண்டாக்கும் டைரொசினேஸ் என்ற நொதியத்தை முடக்குகிறது. எனவே முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, குருதிக்குள் சென்று சிறுநீரகத்தில் படிகிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் நடந்ததைப் பாருங்கள். நம்மைப் போலவே கடலோரத்து முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அங்குள்ள சிறுநீரக வைத்தியர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகும் ஒருவகை நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அபூர்வமான வகை இருந்தது. என்ன பொதுவாக இருக்கிறது என்று துருவியபோது, அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குமுன் வெளுக்கவைக்கும் கிறீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. ஆரம்பத்தில் வந்தவர்களில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். கிறீமை நிறுத்தியபின் பெரும்பாலானோர் தேறினார்கள் என்பது ஆறுதல். அவர்கள் வைத்தியரிடம் வந்தது முகத்துக்காக அல்ல, கால் வீக்கத்துக்கும் நுரைத்த சிறுநீருக்குமாக. கண்டுபிடிக்கத் தாமதமாவது அதனால்தான்.

இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017 இல் ஏற்றுக்கொண்டது. அழகுசாதனப் பொருளில் இரசம் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகின் பல நாடுகள் பின்பற்றும் எல்லை. ஆனால் பெயரில்லாத டப்பாவுக்கு எந்த உடன்படிக்கையும் தெரியாது. ஓர் அடையாளம் சொல்கிறேன்: “பூசும்போது தங்க, வெள்ளி நகைகளைக் கழற்றிவிடவும்” என்று அறிவுரை இருந்தால் அந்தக் கிறீமைத் தொடாதீர்கள். இரசம் தங்கத்தோடு கலந்து அதைக் கெடுத்துவிடும், விற்பவருக்கு அது தெரிந்திருக்கிறது. உட்பொருள் பட்டியலில் கலொமெல், மேர்கியூரிக், மேர்கியூரஸ் என்ற சொற்கள் இருந்தாலும் அப்படியே. பூசியவரோடு போவதில்லை இது. துவாய், தலையணை வழியாக மடியில் தூங்கும் குழந்தைக்கும் போய்ச்சேர்கிறது.

ஸ்டீரொயிட் கலந்தது இன்னும் தந்திரமானது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்றவை உரிய நோய்க்கு, உரிய இடத்தில், வைத்தியர் சொல்லும் நாட்களுக்கு மட்டும் பூசினால் அருமையான மருந்துகள். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல மெலிகிறது, சிவப்பு நரம்புகள் தெரிகின்றன, முடி வளர்கிறது, புதிய பருக்கள் கொத்தாக வெடிக்கின்றன. நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிகிறது. எரிச்சலைத் தாங்கமுடியாமல் மறுபடி பூசுகிறார்கள். தோல் வைத்தியர்கள் இதைப் பழக்கத்துக்கு அடிமையாவதோடு ஒப்பிடுவது சரிதான். இந்தியாவில் இந்தக் கூத்து அளவுமீறியதால், 2018 இல் பல ஸ்டீரொயிட் பூச்சு மருந்துகளை வைத்தியரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் போடவேண்டி வந்தது. ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர் பயந்து ஒரேநாளில் நிறுத்தாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகட்டும். எப்படி விடுவது என்பதை அவர் சொல்வார்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவை தோலைச் சுடும், சுட்ட இடம் மேலும் கறுக்கும். மஞ்சள், சந்தனம், நம் நாட்டு மரமஞ்சள் (சிங்களத்தில் வெனிவெல் என்பது) பூசுவதில் பெரிய தீங்கில்லை, தோல் எரியாவிட்டால். அவற்றால் பள்ளம் நிரம்பும் என்று மட்டும் நம்பவேண்டாம்.

கறைக்குச் செய்யவேண்டியது உண்மையில் குறைவு. அடாபலீன், அசெலெயிக் அமிலம் போன்றவை பருவையும் அடக்கும், கறையையும் மங்கச்செய்யும். அவற்றோடு வெயில்காப்புக் கிறீம், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். “நான் கறுப்பு, எனக்கு எதற்கு?” என்பார்கள். வெயில்பட்டால் கறை கூடுவது நமக்குத்தான் அதிகம். கறை விடயத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மெலனினைத் தூண்டுகிறது. எனவே இரும்பு ஒட்சைட்டு கலந்த, தோல் நிறம் ஊட்டப்பட்ட வெயில்காப்பு மேலும் நல்லது. முகம் கழுவிய பின் மறுபடி பூசவேண்டும். அது முடியாத நாளில் குடை இருக்கிறது. கொழும்பு பஸ் தரிப்பில் பகல் ஒன்றரை மணிக்கு நிற்கும் பிள்ளைக்குக் குடையைவிடச் சிறந்த கிறீம் எது?

உண்மையான தழும்புக்கு

பள்ளத் தழும்புகளை 2001 இலிருந்து மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஊசியால் ஆழக் குத்தினாற்போல வாய் குறுகி உள்ளே இறங்குவது ஒன்று. இதுவே மிக அதிகம். பெட்டியின் ஓரம்போலச் செங்குத்தான விளிம்புடன் அகன்றிருப்பது இரண்டாவது. விளிம்பு தெளிவில்லாமல் அலை அலையாகத் தாழ்ந்திருப்பது மூன்றாவது. அடியில் நார்கள் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதால் வருவது அது. இந்தப் பிரிவு பரீட்சைக்கு மட்டுமல்ல. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. எல்லாத் தழும்புக்கும் ஒரே ‘பக்கேஜ்’ விற்கும் இடத்தில் யோசித்துக் காலை வையுங்கள்.

ஊசிக்குழிக்கு, கூரான குச்சியின் நுனியால் செறிவான டிரைகுளோரோஅசெற்றிக் அமிலத்தைக் குழியின் அடியில் மட்டும் தொட்டு வைக்கும் முறையை 2002 இல் கொரிய வைத்தியர்கள் அறிமுகப்படுத்தினார்கள். அடியில் சிறு காயம் உண்டாகி, ஆறும்போது புதுக் கொலாஜன் குழியை மேலே தள்ளுகிறது. அலைத் தழும்புக்கு, ஊசியைத் தோலுக்கு அடியில் செலுத்தி இழுத்துப்பிடிக்கும் நார்களை அறுத்துவிடுவார்கள். இதன் பெயர் சப்சிஷன், 1995 இல் வந்தது. நுண்ணூசிகளால் தோலில் ஆயிரக்கணக்கான சின்னத் துளைகளிட்டு ஆறவைக்கும் முறைக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு: 1997 இல் கனடாவின் மொன்றியலில் இரு வைத்தியர்கள், பச்சைகுத்தும் கருவியை மை இல்லாமல் தழும்பில் ஓட்டிப் பார்த்தார்கள், தழும்பு தேறியது. லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தும் முறை 2004 இல் வந்தது. அகன்ற ஆழமான தழும்பைச் சிலவேளை வெட்டியும் தைப்பார்கள்.

நிறம் கூடிய தோலில் லேசர், அமிலம் இரண்டுமே அளவு மீறினால் புதிய கறுப்பை உண்டாக்கும். நுண்ணூசியில் அந்த ஆபத்து குறைவு. எனவே கேட்கவேண்டிய கேள்வி “மெசின் புதுசா?” என்பதல்ல. செய்பவர் தோல் நோய் நிபுணரா, நம் நிறத் தோலில் செய்து பழகியவரா, முதலில் காதோரம் போன்ற மறைவிடத்தில் சோதித்துப் பார்ப்பாரா என்பவைதான். ஒன்லைனில் உருளை ஊசியும் அமிலப் போத்தலும் வாங்கி வீட்டில் செய்வது, படம் பார்த்துப் பல் பிடுங்குவதைப் போன்றது.

மேட்டுத் தழும்புக்கு, தடிப்புக்குள்ளேயே ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். மேலே திட்டிய அதே மருந்துதானா? அதே குடும்பம்தான். தோலை மெலியவைக்கும் அதன் குணம் கன்னத்தில் சாபம், கீலொயிடில் வரம்.

இவற்றில் எதுவும் ஒரே அமர்வில் முடியாது. மாத இடைவெளியில் பல தடவை போகவேண்டும். கொலாஜன் மெதுவாகக் கட்டப்படுவதால் முழுப் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். தழும்பு தேறும், மங்கும், நிழல் குறையும். அடியோடு அழியாது. காயம் ஆறிய தோல் எவ்வளவு காலம் சென்றாலும் முன்னிருந்த பலத்தில் ஏறத்தாழ 80 வீதத்தைத்தான் எட்டும் என்பது உடலியல். “நூறு வீதம் போக்குவோம்” என்பவர் உடலியலோடு போட்டி போடுகிறார். புதிய பரு வந்துகொண்டிருக்கும்வரை தழும்புச் சிகிச்சை தொடங்குவதும் வீண். ஒரு பக்கம் குழியை நிரப்ப, மறுபக்கம் புதிது விழும்.

செலவில்லாத ஒரு நற்செய்தியும் உண்டு. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில் 67 பேரின் முகத்தில் ஒரு பக்கத்துக்கு அடாபலீனும் பென்சொயில் பெரொக்சைட்டும் கலந்த மருந்தையும், மறுபக்கத்துக்கு மருந்தில்லாத கிறீமையும் 24 வாரம் பூசினார்கள். மருந்து பூசிய பக்கத்தில் பள்ளத் தழும்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 வீதம் குறைந்தது. மற்றப் பக்கத்தில் ஏறத்தாழ அதேயளவு கூடியது. அதாவது புதிதாக விழுந்த தழும்பு அந்த ஆறு மாதத்திலேயே ஓரளவு தேறவும் முடியும், பெருகவும் முடியும்.

கட்டிபோலத் திரண்டு நோகும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினொயின் என்ற வில்லை இருக்கிறது. மற்ற எதற்கும் அடங்காததை அடக்கவல்லது. ஆனால் கருவிலுள்ள குழந்தைக்குப் பாரதூரமான ஊனங்களை உண்டாக்கும். அதனால் மருந்து தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் கழியும்வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. இதைப் பெற்றோர் படிக்கும் இதழில் வெளிப்படையாக எழுதக் காரணம் உண்டு. கலியாணத்துக்கு முன் முகம் தெளியவேண்டுமென்று இந்த வில்லையைத் தேடும் வீடுகள் இருக்கின்றன, நிக்காஹ் திகதியை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படும் வீடுகளும் இருக்கின்றன. தயவுசெய்து சொல்லுங்கள். விற்றமின் ஏ வில்லைகளை இதோடு சேர்த்து எடுக்கக்கூடாது. ஈரல், கொழுப்பு ஆகியவற்றுக்கான குருதிச் சோதனையும் செய்யவேண்டும். பிள்ளையின் மனநிலையில் மாற்றம் தெரிந்தால் அதையும் வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும்.

மனநிலை என்றதும் ஒன்று. பிரித்தானியாவின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, பரு என்று கண்டறியப்பட்ட முதலாவது வருடத்தில் மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 63 வீதம் அதிகம் என்று காட்டியது. கலியாண வீட்டில் நாடியைப் பிடித்துத் திருப்பி “என்னடி மகள், முகத்தில இது?” என்று கேட்கும் மாமிமார் இதைப் படிப்பார்களோ தெரியாது. படமெடுக்க மறுக்கும், பாடசாலைக்குப் போக வயிற்றுவலி சொல்லும் பிள்ளையை ‘அழகுப் பைத்தியம்’ என்று ஏசாமல், இதுவும் சிகிச்சை பெறுவதற்கு ஒரு காரணம் என்று வீட்டார் எண்ணவேண்டும்.

எங்கே போவது? தனியார் நிபுணரிடம் போக வசதியில்லை என்பதற்காக யாரும் டப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கத்தாருக்குக் களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனையாருக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் கிட்ட. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைக்கேற்பத் தோல் நோய் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வரிசையில் நிற்கவேண்டிவரும், ஒரு பாடப்புத்தகத்தைக் கொண்டுபோங்கள்.

போகும்போது முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். பரு எப்போது தொடங்கியது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எடுக்கும் வேறு மருந்துகள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தால் காட்டலாம். இதுவரை பூசிய எல்லாக் கிறீம்களையும், பெயர் இல்லாததையும்தான், ஒரு பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். டொக்டர் ஏசுவார் என்று பயந்து பெயரில்லாத டப்பாவை மட்டும் வீட்டில் ஒளித்துவைக்காதீர்கள், அவர் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.